மூளையில் நாடாப்புழுக் கட்டி: புழு மாத்திரை போடுவதா, வலிப்பு மாத்திரையோடு காத்திருப்பதா?

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில், பனகல் சாலையில் ஒரு மெடிக்கலில் 11 வருஷமாக நிற்கிறேன். ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார்கள், சீட்டை நீட்டுவார்கள், மாத்திரையை எடுத்து வைத்த பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பையனுக்கு மூளையில புழுன்னு சொல்லிட்டாங்க. ஒரு டாக்டர் புழு மாத்திரை எழுதியிருக்கார், இன்னொருத்தர் அது வேணாம், தானா கரைஞ்சிரும்ங்கிறார். நாங்க எதைக் கேக்குறது?" என்பார்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம், சிவகங்கை என்று ஊர் மாறும், கேள்வி மாறாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலூர்ப் பக்கம் இருக்கிற என் அக்கா மகனுக்கே இது வந்தது. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வலது கை வெட்டி வெட்டி இழுக்க, அப்படியே வாசல்படியில் சாய்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் ஸ்கேனில் 9 மில்லிமீட்டரில் ஒரே ஒரு வளையம். இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம், இரண்டு பதில் வந்தது. நான் மருந்து விற்கிறவன், எங்களுக்கே இரண்டு நாள் தூக்கம் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எந்த வழி என்பதை உங்கள் நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் அவர் முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிஷம் உருப்படியாகப் போகும்.

## முதலில், உள்ளே நடப்பது என்ன

அக்கா முதலில் அழுதது வலிப்புக்காக இல்லை. "நம்ம வீட்டுச் சட்டியில பன்னிக்கறி ஏறுனதே இல்லையேடா, என் பிள்ளைக்கு எப்படிடா?" என்றுதான் அழுதாள். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வீட்டில் இந்த இடத்தில்தான் சண்டையே வருகிறது.

சரியாக வேகாத, புழுக்கூடு உள்ள பன்றிக்கறியைச் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும், மீட்டர் கணக்கில் நீளும். அது குடலோடு நிற்கும். மூளைக்குப் போவது அந்தக் கறியால் இல்லை. குடலில் புழு இருக்கிற ஒரு மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும், அது மண்ணிலும் தண்ணீரிலும் கழுவாத கையிலும் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வாய்க்குள் போகும், அந்த முட்டை பொரிந்து ரத்தத்தில் ஏறித்தான் மூளை, தசை, கண் என்று போய்க் கூடு கட்டும். ஆக, பன்றிக்கறி வாசனையே தெரியாதவருக்கும், கோழி முட்டைகூடத் தொடாத சைவக்காரருக்கும் இது வரும். 1992 இல் நியூயார்க்கில், பன்றிக்கறியை மதமே விலக்கிய யூதக் குடும்பங்களில் இந்த நோய் வந்ததை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக முட்டை போயிருக்கிறது.

"முட்டைக்கோஸ் புழு மூளைக்கு ஏறும்" என்கிற கதையும் இதேதான். கோஸுக்குள் இருக்கிற பச்சைப் புழு மூளைக்கு ஏறாது. மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த கோஸையோ மல்லித்தழையையோ பச்சையாக, கழுவாமல் தின்றால் முட்டை போகலாம். வெந்துவிட்டால் முட்டை செத்துவிடும்.

இப்போது முக்கியமான இடம். உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிற புழுக்கூடு நம் உடம்பின் கண்ணில் படாமல் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பற்றி 1961 இல் வந்த 450 பேர் கொண்ட பெரிய ஆய்வில், தொற்று ஏற்பட்டுப் பல வருஷம் கழித்துத்தான் வலிப்பு வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். புழு பலவீனமாகிச் சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதைக் கண்டுபிடித்து எதிர்க்கும், சுற்றி வீங்கும், அந்த வீக்கம்தான் வலிப்பைக் கிளப்பும். வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்து ஒற்றை வளையம் தெரிகிற அன்றைக்கு, பெரும்பாலும் அந்தப் புழு ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது. "தானா கரைஞ்சிரும்" என்று சொல்கிற டாக்டரின் பேச்சுக்கு அடிப்படை இதுதான். "மாத்திரை போட்டால் சீக்கிரம், சுத்தமாகக் கரையும்" என்கிறவரும் பொய் சொல்லவில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்.

புழு எந்த நிலையில்? உயிரோடு இருந்தால் நீர்க்குமிழி மாதிரி, உள்ளே ஒரு புள்ளி தெரியும், அந்தப் புள்ளி புழுவின் தலை. செத்துக்கொண்டிருந்தால் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனில் வளையமாக ஒளிரும், சுற்றி வீக்கம் இருக்கும், ரிப்போர்ட்டில் 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்று போட்டிருப்பார்கள். செத்து முடிந்துவிட்டால் சுண்ணாம்பு படிந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அதுதான் 'கால்சிஃபைட்'.

எத்தனை, எங்கே? ஒன்றா, இரண்டா, நிறையவா? மூளைச் சதைக்குள்ளா, நீரறைக்குள்ளா, மூளையைச் சுற்றியுள்ள நீர்ப்பகுதியிலா? இடம் மாறினால் வைத்தியமே மாறும்.

மூளை முழுக்க வீங்கியிருக்கிறதா, கண்ணுக்குள் புழு இருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் புழு மாத்திரை ஆபத்தாக முடியும்.

இது புழுதானா, டி.பி. கட்டியா? நம் ஊரில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. டி.பி. கட்டியும் வளையமாகத்தான் தெரியும். ஒரு காலத்தில் இந்தியாவில் இந்தச் சின்ன ஒற்றை வளையத்தையெல்லாம் டி.பி. என்றே நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சாண்டி, ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்து, அவற்றில் பல நாடாப்புழுக் கட்டிகள்தான் என்று 1989 இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதன்பிறகு அவர்கள் வகுத்த அளவுகோல்தான் இன்றும் கைகொடுக்கிறது: வலிப்போடு வந்திருக்க வேண்டும், கட்டி ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளுகிற அளவு வீக்கம் கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடக் கூடாது, மூளைக்குள் அழுத்தம் ஏறிய அறிகுறியோ உடம்பில் வேறெங்காவது டி.பி. போன்ற நோயோ இருக்கக் கூடாது. இதெல்லாம் பொருந்தினால் புழு என்ற பக்கமே தராசு சாயும். உடல் எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது என்றால் வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

உங்களால் எது முடியும்? மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை போடுவது, ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்பது, அதற்காகக் கூலி வேலையை விட்டு வருவது. இதை மருத்துவப் புத்தகத்தில் எழுத மாட்டார்கள், ஆனால் பாதி வைத்தியம் கெடுவது இங்கேதான்.

கவுன்ட்டரில் கேட்கிறவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் நான் போட்டுக் காட்டுவது இப்படி:

| ஸ்கேனில் இருப்பது | புழு மாத்திரை | கூடவே |
|---|---|---|
| ஒற்றை வளையம், செத்துக்கொண்டிருப்பது | கொடுக்கலாம், கொடுத்தால் கொஞ்சம் லாபம் | வலிப்பு மாத்திரை கட்டாயம், ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) |
| உயிரோடு ஒன்றிரண்டு குமிழி | பெரும்பாலும் தேவை | ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை |
| உயிரோடு இரண்டுக்கு மேல் | தேவை, பெரும்பாலும் இரண்டு மருந்து சேர்த்து | ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, ஆஸ்பத்திரியில் படுக்கை |
| சுண்ணாம்பான புள்ளி மட்டும் | வேண்டாம் | வலிப்பு மாத்திரை மட்டும் |
| கணக்கில்லாமல் புழு, மூளை முழுக்க வீக்கம் | கூடாது | முதலில் வீக்கத்தைக் குறைப்பது |
| நீரறைக்குள் | முதல் வழி இது இல்லை | அறுவை சிகிச்சை |

## வழி 1: வலிப்பு மாத்திரை மட்டும், காத்திருப்பது

இது 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' இல்லை. வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒற்றை வளையம் நிறையப் பேருக்குச் சில மாதங்களில் தானாகச் சுருங்கி மறைகிறது. 1994 இல் டெல்லி எய்ம்ஸில் ஒற்றை வளையம் உள்ளவர்களுக்கு அல்பென்டசோல் என்ற புழு மாத்திரையைக் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் படித்து வந்த டாக்டர் "வேணாம்" என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது.

லாபம்: ஸ்டீராய்டு வேண்டாம் என்பதுதான் பெரிய லாபம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், டி.பி. சந்தேகம் தீராதவர், கர்ப்பிணி, குடற்புண்ணில் ரத்தம் போனவர் என்றால் ஸ்டீராய்டை யோசித்துத்தான் தொட வேண்டும். கர்ப்ப காலத்தில் அல்பென்டசோலையும் கூடுமானவரை தள்ளிப்போடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு: காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் பயத்தோடு போகும். வண்டி ஓட்டக் கூடாது, கிணற்றில், கண்மாயில் குளிக்கக் கூடாது, மாடிக் கைப்பிடி இல்லாத இடத்தில் வேலை கூடாது. மேஸ்திரி, லாரி டிரைவர், கரும்பு ஆலை மெஷின் ஆள் என்றால் இது நேரடியாக வயிற்றில் அடிக்கும். கட்டி கரைவது தள்ளிப்போனால் இந்தக் கட்டுப்பாடும் தள்ளிப்போகும்.

இந்த வழி யாருக்குச் சரி என்று கேட்டால், சுண்ணாம்பான புள்ளி மட்டும் உள்ளவருக்கு இது ஒன்றுதான் வழி, செத்த புழுவை மறுபடி கொல்ல மாத்திரை எதற்கு? அதுபோக, மூளை முழுக்க வீங்கிக் கிடக்கிறவருக்கும், முதல் கட்டத்தில், புழு மாத்திரையைத் தொடாமல் இருப்பதுதான் வழி, ஆனால் அவருக்கு வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு வேண்டும். 2019 இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்து, வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிற அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மூளை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஃபரிதாபாதில் 18 வயசுப் பையன். அவ்வளவு புழுவையும் ஒரே நேரத்தில் கொன்றால் வீக்கம் தாங்காது, கண்ணிலும் புழு இருந்தது என்பதால் டாக்டர்கள் புழு மாத்திரையைத் தொடவில்லை. ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் மட்டும் கொடுத்தார்கள், இருந்தும் இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அந்தப் படத்தைப் பார்வர்டு செய்கிறவர்கள் கீழே "உடனே புழு மாத்திரை சாப்பிடுங்கள்" என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

## வழி 2: அல்பென்டசோலும் ஸ்டீராய்டும்

எங்கள் கடையில் அதிகம் வருவது இந்தச் சீட்டுதான். பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே 400 மில்லிகிராம் மாத்திரைதான், ஒன்றின் விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், ஒரு மாத்திரை, குடலுக்கு. இங்கே உடல் எடைக் கணக்கில், நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளையாகப் பிரித்து, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை, மூளைக்கு. ஒற்றைக் கட்டிக்கு நாளுக்கு 800 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. உயிருள்ள புழு இரண்டுக்கு மேல் இருந்தால் பிரசிகுவான்டெல் என்ற இன்னொரு மருந்தையும் சேர்ப்பார்கள். அது எல்லா மெடிக்கலிலும் இருக்காது, சீட்டு எழுதிய அன்றே சொல்லி வைத்துவிடுங்கள்.

பலன் உண்டா? சண்டிகரில் குழந்தைகளிடம் நடத்தி 1998 இல் வெளியான ஆய்வில், மருந்து போட்டவர்களுக்குக் கட்டி சீக்கிரமாகவும் முழுசாகவும் கரைந்தது. 2004 இல் பெரு நாட்டில் உயிருள்ள புழு இருந்த 120 பேரிடம் பார்த்தபோது, உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற வலிப்பு மருந்து போட்டவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒற்றை வளையத்துக்கும் அல்பென்டசோலை ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆக 1994 இன் பதிலும் இன்றைய பதிலும் வேறு வேறு. உங்கள் இரண்டு டாக்டர்கள் வேறு வேறு சொன்னதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

ஒற்றை வளையம், டி.பி. சந்தேகம் இல்லை, கண் சுத்தம், மூளையில் பெரிய வீக்கம் இல்லை, சர்க்கரை கட்டுக்குள், ஆறு மாதம் தொடர்ந்து வர முடியும் என்றால், என் வீட்டுப் பிள்ளைக்கு நான் இந்த வழியைத்தான் கேட்டு வாங்குவேன். அக்கா மகனுக்கும் அதுதான் செய்தோம்.

ஆனால் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம், இரண்டையும் ஆட்கள் தாண்டிக் குதிக்கிறார்கள்.

ஒன்று, கண் பரிசோதனை. கண்ணுக்குள் புழு இருந்து அதை மாத்திரை கொன்றால், அந்த வீக்கத்தில் பார்வையே போகலாம். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, கண்ணின் பின்சுவரைப் பார்க்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக் கண் பிரிவிலும் பார்ப்பார்கள், அண்ணாநகர் அரவிந்திலும் பார்ப்பார்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும், கூட ஒருவர் வர வேண்டும். "வலிப்புக்கு எதுக்குக் கண் டாக்டர்?" என்று அக்காவே கேட்டாள். பத்து நிமிஷ வேலை, செய்துவிட்டுத்தான் மாத்திரையைப் பிரித்தோம்.

இரண்டு, ஸ்டீராய்டு முதலில், அல்பென்டசோல் பிறகு. சாகிற புழு கிளப்பப்போகிற வீக்கத்துக்கு முன்கூட்டியே அணை போடுவதுதான் ஸ்டீராய்டு. சீட்டில் இருக்கிற ஸ்டீராய்டை "அது சைடு எஃபெக்ட் மருந்து" என்று விட்டுவிட்டு அல்பென்டசோலை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அப்படி அரை சீட்டு கேட்டால் நான் கொடுப்பதில்லை.

அல்பென்டசோலை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது, எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால் பல மடங்கு ஏறும். அக்கா இட்லிக்குப் பொடி வைத்து நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கொடுப்பாள், கடைசி வாய்க்கு முன்னால் மாத்திரை. ஃபெனிட்டாயின், கார்பமசெபின் மாதிரி வலிப்பு மருந்துகள் அல்பென்டசோலின் அளவை ரத்தத்தில் குறைக்கும், அதனால் என்ன வலிப்பு மாத்திரை ஓடுகிறது என்று சொல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

மூன்றாம் நாள் பையனுக்குத் தலைவலி, இரண்டு முறை வாந்தி. அக்கா போனில் அழுதாள், "மாத்திரையை நிறுத்திரவாடா?" என்று. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இப்படி வருவது உண்டு, புழு சாகிற நேரம். டாக்டரிடம் பேசினோம், அன்றே போய்க் காட்டினோம், ஸ்டீராய்டு அளவைப் பார்த்துச் சரிசெய்தார், ஐந்தாம் நாள் தலைவலி இறங்கிவிட்டது. இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் அந்த ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்போம். வெளியூர்க்காரர்கள் இந்த முதல் வாரத்தை ஆஸ்பத்திரிக்கு அருகிலோ, ஆட்டோ கிடைக்கிற இடத்திலோ கழிப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத செலவு இங்கேயும் உண்டு. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், வயிறு எரியும், தூக்கம் கெடும், பசி பிய்த்துத் தின்னும். உடம்புக்குள் தூங்குகிற டி.பி. கிளம்பலாம், நாள் அதிகம் ஸ்டீராய்டு போட வேண்டியிருந்தால் அதற்கு முன் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். அல்பென்டசோல் நாள்கணக்கில் ஓடினால் ஈரல் பரிசோதனை, ரத்த அணு எண்ணிக்கை இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள், அந்த லேப் செலவையும் கணக்கில் வையுங்கள்.

## வழி 3: அறுவை சிகிச்சை

மூளைச் சதைக்குள் இருக்கிற சின்னக் கட்டிக்கு இது தேவைப்படுவது அபூர்வம். நீரறைக்குள் புழு உட்கார்ந்து நீர் போகிற வழியை அடைத்தால்தான் இதற்கு முதலிடம். மண்டையில் சின்னத் துளை போட்டு, எண்டோஸ்கோப் வழியாகப் புழுவை எடுக்கிறார்கள், சிலருக்கு நீரை வயிற்றுக்குள் இறக்கும் குழாய் வைக்கிறார்கள். குனிந்தால், தலையைத் திருப்பினால் திடீரென்று மயக்கம், தாங்க முடியாத தலைவலி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி இருந்தால் இந்தப் பக்கம்தான் யோசிப்பார்கள். அங்கே காத்திருப்பதற்கு நேரம் இல்லை, காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

## வலிப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது

எந்த வழியில் போனாலும் வலிப்பு மாத்திரை கூடவே வரும். எனக்கு மனசுக்குக் கஷ்டமான பகுதி இது, ஏனென்றால் தப்பு எங்கள் வீட்டிலேயே நடந்தது. புழு மாத்திரை முடிந்து நான்காம் மாதம், ரிவிஷன் பரீட்சை நேரம், வகுப்பில் தூக்கம் வருகிறது என்று பையன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். பத்தாம் நாள் டியூஷன் சென்டரில் விழுந்தான், பெஞ்சு முனை பட்டு நெற்றியில் ஆறு தையல். கையில் இரும்புச் சாவியைத் திணித்திருக்கிறார்கள், வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்து உதடு வேறு கிழிந்திருந்தது.

ஒற்றை வளையம், ஸ்கேனில் முழுசாக மறைந்துவிட்டது, சுண்ணாம்பு மிச்சமில்லை, நடுவில் வலிப்பே வரவில்லை என்றால் கடைசி வலிப்புக்குப் பிறகு ஆறு மாதத்தில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது பற்றி டாக்டர் பேசுவார். சுண்ணாம்புப் புள்ளி மிச்சமிருந்தாலோ, மாத்திரை ஓடும்போதே வலிப்பு வந்தாலோ, இதுவரை இரண்டுக்கு மேல் வலிப்பு வந்திருந்தாலோ காலம் நீளும், இரண்டு வருஷமும் ஆகலாம். ஆறாம் மாத ஸ்கேனில் எங்கள் பையனுக்கு வளையம் போய் ஒரு சின்னச் சுண்ணாம்புப் புள்ளி நின்றிருந்தது, நடுவில் வலிப்பும் வந்துவிட்டது, அதனால் இரண்டு வருஷம் போட்டான். போன வருஷம்தான் குறைத்து நிறுத்தினார்கள்.

தூக்கம் வந்தால், எரிச்சல் வந்தால், ஈறு வீங்கினால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றலாம். பெண் பிள்ளைகளுக்கு வால்ப்ரோயேட் எழுதியிருந்தால், பின்னால் குழந்தை பெறும்போது கருவைப் பாதிக்கும் மருந்து அது என்பதால் வேறு ஏதாவது உண்டா என்று அவசியம் கேளுங்கள்.

பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் போய் வாருங்கள், எங்கள் அக்காவும் போனாள். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போங்கள், ராத்திரி தங்கினால் ராத்திரி மாத்திரையும் பையில் இருக்கட்டும். பெண்ணுக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று மறைத்து, மறைப்பதற்காகவே மாத்திரையை நிறுத்துகிற வீடுகளும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாகச் சொல்லியிருந்த வார்த்தையை 1999 இலேயே எடுத்துவிட்டார்கள். அதிலும் இது கரைந்து போகக்கூடிய வலிப்பு.

## சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? பெரியாஸ்பத்திரியா, பிரைவேட்டா?

ராத்திரி வலிப்போடு வந்தவருக்குச் சி.டி. போதும், உடனே கிடைக்கும், சுண்ணாம்புப் புள்ளியை எம்.ஆர்.ஐ.யைவிட அது நன்றாகக் காட்டும். புழுவின் தலையை, நீரறைக்குள் இருப்பதை, சின்னக் கட்டியைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். வழி 2 க்குப் போகிறீர்கள் என்றால் ஒரு எம்.ஆர்.ஐ. செலவு வீண் இல்லை. ஆனால் மறு ஸ்கேனை முதலில் எடுத்த மாதிரியே எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். பழைய படத்தையும் ஸ்கேனோடு கொடுத்த குறுந்தட்டையும் பத்திரமாக வையுங்கள், பரண் மேல் சூடு பட்டுப் படம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் எடுத்து வருகிறார்கள்.

பிரைவேட்டில் நேரம் மிச்சம், ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பார், ஸ்கேனுக்குச் சில ஆயிரம் ஆகும். பெரியாஸ்பத்திரியில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட வேண்டும், ஒரு நாள் கூலி போகும், ஆனால் நரம்பியல், கண், டி.பி. பிரிவு எல்லாம் ஒரு குடைக்குள், வலிப்பு மாத்திரையும் இலவசம். இரண்டு வருஷம் மாத்திரை ஓடப்போகிறது என்றால் அந்த இலவச மாத்திரைதான் பெரிய தொகை. பிரைவேட்டில் தொடங்கி, காசு தீர்ந்து, மாத்திரையை நிறுத்தி, மறுபடி விழுந்து பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். முடியாது என்று தெரிந்தால் முதல் மாதமே மாறிவிடுங்கள், பழைய சீட்டோடு போனால் யாரும் திட்ட மாட்டார்கள்.

## வீட்டில் மற்றவர்கள்

மூளையில் புழு வந்தவரிடமிருந்து அந்த மூளைப் புழு யாருக்கும் ஒட்டாது. ஆனால் முட்டை எங்கேயிருந்து வந்தது? சில நேரம் அதே வீட்டில், அதே அடுப்படியில் ஒருவர் குடலில் நாடாப்புழு இருக்கும், அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. மலத்தில் வெள்ளை ரிப்பன் துண்டு மாதிரி போனதாக யாராவது சொன்னால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், ஒரு தடவை எடுத்தால் தப்பிவிடும், வேறு வேறு நாளில் எடுக்கச் சொல்வார்கள். எங்கள் அக்கா வீட்டில் யாருக்கும் இல்லை. ஆனால் பையன் தினமும் டியூஷன் முடிந்து சாப்பிட்ட தள்ளுவண்டியில் பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் ஒரே வாளித் தண்ணீரில் அலசியதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரிடமும் இல்லாதபோது வெளியே எந்த இடத்தில் வந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

ஊரில் ஆள் ஆளுக்குப் புழு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் ஆபத்து. மூளையில் தெரியாமல் உயிருள்ள புழு கிடக்கிறவருக்கு, அந்த மாத்திரையே முதல் வலிப்பைக் கிளப்பலாம். வலிப்பு, காரணம் தெரியாத நாள்பட்ட தலைவலி, தோலுக்கடியில் நெல்லிக்கொட்டை மாதிரி உருளும் கட்டி இருந்தால், மெடிக்கல்காரரிடம் மாத்திரை கேட்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

## ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால், நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தால், புழு மாத்திரை ஓடும்போது தலைவலியும் வாந்தியும் மணிக்கு மணி கூடினால், பார்வை மங்கினால், ஆளை எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தால் 108. வண்டி வரும்வரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் வைக்க வேண்டாம், கையில் சாவி வேண்டாம், நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது ஸ்கேன் கவர், கடைசிச் சீட்டு, ஓடுகிற மாத்திரை அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த மஞ்சப்பை இன்னும் தொங்குகிறது.